சல்லிக்கு வந்த வீக்கம்

பிள்ளைகளா,

போன வாரம் மூத்தவள் வணிகக் கல்விப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, "அப்பா, பணவீக்கம்னா என்னா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டேன். "அப்பாவுக்குத் தெரியல, தப்பிச்சி ஓடுறாரு" என்று சின்னவன் சிரித்தது காதில் விழுந்தது. தெரியாமல் ஓடவில்லை. அந்தச் சொல்லுக்கு ஒரு தடவை ஒருவரிடம் விளக்கம் சொல்லியிருக்கிறேன். அதனால் அவருக்கு என்ன நடந்தது என்பதையும் பார்த்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், வாயால் சொன்னால் கோர்வையாக வராது. அதனால் எழுதி வைக்கிறேன்.

வட்டவளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் நாம் இருந்தபோது, அதே வரிசையில் அடுத்த காம்பிராவில் ஒரு பெரியம்மா தனியாக இருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். ஒரே மகளைப் பூண்டுலோயாவில் கட்டிக்கொடுத்திருந்தார். வேலையிலிருந்து விலகியபோது, அத்தனை வருஷம் சம்பளத்தில் பிடித்த ஈபிஎப் சல்லி மொத்தமாகக் கைக்கு வந்தது. அதில் அவருக்கு ஒரே ஆசை, தலைக்கு மேலே இருந்த தகரத்தை மாற்ற வேண்டும். அந்தத் தகரம் துரு ஏறி, விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உடையும். ஆனி ஆடியில் றொசல்லப் பக்கமிருந்து காற்று ஏறி வரும்போது லயமே கூரைக்குக் கல் தூக்கி வைக்கும். பெரியம்மா அறுபது வயதில் ஏணியில் ஏறி நின்று கல் அடுக்குவார்.

நான் அப்போது ஹட்டனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்தேன். தகரம், ஆணி, சிமெந்து விலையெல்லாம் வாசலில் ஒரு கறுப்புப் பலகையில் சோக்கால் எழுதியிருக்கும். எழுதுவது என் வேலை. அதனால் பெரியம்மா என்னிடம்தான் கணக்குக் கேட்டார். காம்பிராவுக்குப் பதினெட்டுத் தகரம் வேண்டும். அவர் கையில் இருந்த சல்லிக்கு இருபத்திரண்டு வரும்.

"மிச்சம் நாலுக்கு என்னா செய்ய?" என்றார்.

"கக்கூசுக்குப் போடுங்க பெரியம்மா. மழையில கொடை புடிச்சிக்கிட்டு குந்தாம இருக்கலாம்."

"வாயப் பாரு. நாளைக்கே லொறியில ஏத்திட்டு வந்துறாத, மார்கழி பொறந்திருச்சு. மார்கழியில கூரையப் பிரிப்பாங்களா? தையில பாப்போம்."

எனக்கும் அது சரியாகவே பட்டது. எங்கள் லயத்தில் மார்கழியில் யாரும் வீட்டு வேலை தொடங்கியதில்லை.

தைப்பொங்கல் முடிந்து அவர் கடைக்கு வந்தார். அதற்குள் முதலாளிக்குக் கொழும்பிலிருந்து இரண்டு தடவை போன் வந்து, நானும் இரண்டு தடவை பலகையை அழித்து எழுதிவிட்டேன். அதே சல்லிக்கு இப்போது பதினேழு தகரம்தான். ஒன்று குறைகிறது. "ஒண்ணுதானே, அன்னன்னைக்குக் கெடைக்கிற கைக்காசுக்குக் கொழுந்து எடுத்து சேத்துர்றேன்" என்று திரும்பிப் போனார். மாசியில் ஒரு தகரத்துக்கான சல்லியைச் சேர்த்துக்கொண்டு வந்தபோது பதினெட்டுக்கு மூன்று தகரம் குறைந்தது. அதன் பிறகு அப்படித்தான். அவர் ஒன்றுக்குச் சேர்த்தால் இரண்டு போகும். அந்த வருஷம் நாடே எண்ணெய்க்கும் சமையல் காஸுக்கும் வரிசையில் நின்றது. அப்போது நான் சில நாள் காலையில் ஒரு விலையும் மத்தியானம் ஒரு விலையும் எழுதினேன். ஈரத்துணியால் எவ்வளவு தேய்த்தாலும் பழைய இலக்கம் முழுக்கப் போகாது. புதிய இலக்கத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு அது பார்க்கும்.

பங்குனியில் ஒரு பின்னேரம் பெரியம்மா நம் வாசலுக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, லயத்துல கள்ளன் இருக்கான்."

"என்னா போச்சு?"

"சல்லி."

"எவ்வளவு?"

"அதாந் தெரியல. எண்ணிப் பாக்குறேன், சரியாத்தான் இருக்கு. ஒரு தாளும் கொறையல. ஆனா இருவத்திரெண்டு தகரம் இருந்த எடத்துல இப்ப பதிமூணுதான் இருக்கு. அப்ப ஒம்பது தகரத்த எவனோ எடுத்திருக்கான்ல?"

உங்கள் அம்மா சிரிக்கப் போனாள். பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"உள்ள இருக்கிறத எடுத்துட்டு தோல மட்டும் வச்சிட்டுப் போறான். தாளு தாளாத்தான் இருக்கு. அதுக்குள்ள ஒண்ணும் இல்ல."

யானை தின்ற விளாம்பழம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது எனக்கு நினைவு வந்தது. ஓடு உடையாமல் இருக்கும், உள்ளே வெறுமை. நான் அதைச் சொல்லவில்லை. விலை ஏறுவதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார், நம்பவில்லை. விலை கடையில் இருக்கிறது, சல்லி தன் சாமித் தட்டுக்குப் பின்னால் இருக்கிறது, அங்கே எழுதினால் இங்கே எப்படிக் குறையும் என்பது அவர் கேள்வி.

இரண்டு நாள் கழித்து, விடிய முதல் பஸ்ஸுக்குப் போகும்போது என்னைக் கூப்பிட்டார். இரவு படுக்கும் முன் சலித்த சாம்பலை வாசற்படியிலிருந்து சாமித் தட்டு வரைக்கும் மெல்லிசாகத் தூவி வைத்திருந்தார். கோழி திருடு போனால் லயத்தில் செய்கிற வேலை அது. யார் கால் என்று காலையில் பார்ப்பார்கள்.

"எனக்குக் கண்ணு பத்தல. நீ குனிஞ்சி பாரு."

குனிந்து பார்த்தேன். வெளியே பனிமூட்டம், படிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. சாம்பல் தூவியது தூவியபடி இருந்தது. பூனைக்கால்கூட இல்லை. ஓரிடத்தில் மட்டும் கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்து குழி விழுந்திருந்தது.

"ஒண்ணுமில்ல பெரியம்மா."

"காலு இல்லையா?"

"இல்ல."

"எனக்குத் தெரியும்" என்றார் மெதுவாக. "காலு இல்லாததுதான் வருது."

அன்றைக்கு வேலைக்குப் போனேன். முதலாளி போனை வைத்துவிட்டு ஒரு இலக்கம் சொன்னார். எழுதிவிட்டு இறங்கும்போது என் விரலைப் பார்த்தேன். சோக்குத் தூள் வெள்ளையாக ஒட்டியிருந்தது. காலையில் நான் தடம் தேடிய வீட்டிலிருந்து, இங்கே இருந்துகொண்டே ஒரு தகரத்தை எடுத்துவிட்டேன் என்று தோன்றியது. சட்டையில் துடைத்தேன். அன்று முழுக்க யார் தோளிலும் கை வைக்கவில்லை.

அந்த வருஷக் காற்றைப் பெரியம்மா பிளாஸ்டிக் தறப்பாளும் கல்லும் வைத்துக் கழித்தார். அடுத்த தை வந்தது. இருந்த சல்லிக்குப் பன்னிரண்டு தகரம் வரும். எட்டு படுக்கிற பக்கத்துக்கு, நாலு அடுப்புக்கு நேரே. மீதி இடத்துக்குப் பழையதே போதும் என்று முடிவெடுத்து, வாங்க நாளும் பார்த்துவிட்டார். அந்த வாரம்தான் அது நடந்தது.

ஒருநாள் பின்னேரம் அவர் வாசலில் உட்கார்ந்திருந்தேன். ரேடியோவில் செய்தி. அட்டை கடித்துப் புண்ணாகி, அவர் இடது கால் ஒரு மாதமாக வீங்கியிருந்தது. காலை நீட்டி வைத்துக்கொண்டு கேட்டார்.

"என்னமோ வீக்கம் கொறஞ்சிருச்சுங்கிறானே, யாருக்கு?"

"சல்லிக்கு. பணவீக்கம் கொறஞ்சிருச்சாம்."

"சல்லிக்கும் வீங்குமா?"

"வீங்கினதுனாலதான் வெலயெல்லாம் ஏறிருச்சாம்."

அவர் தன் காலைப் பார்த்தார். பெருவிரலால் அழுத்தினார். குழி விழுந்து மெதுவாக மேலே வந்தது. "முந்தா நாளைக்கு இப்ப பரவாயில்ல. வீக்கம் வத்துதுன்னா பழைய காலு வந்துரும்ல?"

"வரணும்ல" என்றேன்.

"அப்ப வெலயும் பழையபடி வந்துரும். பொறுக்கட்டுமா தம்பி? நீ கடையில நிக்கிறவன், ஒனக்குத்தானே தெரியும்."

"ஒரு மாசம் பொறுங்க. அவசரப்படாதீங்க."

அதுதான் நான் சொன்ன விளக்கம். வீக்கம் என்றால் வற்றும், வற்றினால் பழையது தெரியும். எனக்கு அதில் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை. அவர் பார்த்து வைத்த நாளைத் தள்ளிப்போட்டார்.

மாசிக் கடைசியில் ஒரு வாத்தியார் கடைக்கு ஆணி வாங்க வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஹட்டனில் படிப்பிக்கிறார். பலகையைப் பார்த்து நின்றவரிடம், "பணவீக்கம் கொறஞ்சும் தகரம் எறங்க மாட்டேங்குதே சேர்" என்று பேச்சுக் கொடுத்தேன்.

"அது இறங்காது ஐயா. விலை குறைஞ்சதெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? ஏறுற வேகம்தான் குறைஞ்சிருக்கு."

"அப்படின்னா?"

"நீங்கள் எங்கேயிருந்து வாறனீங்கள்?"

"வட்டவளைங்க."

"வட்டவளையிலயிருந்து ஹட்டனுக்கு பஸ் ஏறுதல்லோ. முதல் கெதியா ஏறினது, இப்ப மெல்ல ஏறுது. ஆனா ஏறிக்கொண்டுதான் இருக்கு. திரும்பி வட்டவளைக்குப் போகேல்லை. விளங்குதோ?"

விளங்கியது. தராசில் ஆணியை நிறுத்துக்கொண்டிருந்தவன், கவனமில்லாமல் இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டேன். "என்ன, கூடப் போட்டிட்டீங்கள் போல. அதையும் எனக்கே தாங்கோ" என்று அவர் பகிடி விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி எழுதப்போவதை உங்களிடம் மறைக்கக் கூடாது. அன்றைக்கே பெரியம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. கடையில் நிற்கிறவன், தெரிந்தவன் என்று அவர் நம்பியவன் நான். நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று எட்டு நாள் அவர் வாசலைத் தாண்டிப் போனேன். ஒன்பதாவது நாள் முதலாளி மறுபடியும் போனை எடுத்தார். அதன் பிறகு பலகையில் இருந்த விலைக்கு அவர் சல்லி பத்துத் தகரத்துக்குத்தான் காணும்.

சொன்னபோது அவர் திட்டவில்லை. கால் வீக்கம் அதற்குள் நன்றாக வற்றி, கணுக்கால் எலும்பு தெரிந்தது. அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"என் காலு சொன்ன பேச்சக் கேட்டுச்சு" என்றார். "சல்லி கேக்கல. நீ என்னா செய்வ."

பத்துத் தகரம் வாங்கினோம். படுக்கிற பக்கத்துக்கு எட்டு. அடுப்புக்கு நேரே இரண்டு. இன்னும் இரண்டு தகரத்துக்கான இடைவெளியில் பழையது மக்கி விழுந்திருந்ததால் தறப்பாளை இழுத்துக் கட்டினேன். கட்டும்போதே தெரிந்தது, கீழேயிருந்து காற்று உள்ளே நுழைந்தால் அந்த இடைவெளியைத்தான் பிடித்துத் தூக்கும். பெரியம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்து நின்றார். "அந்த ரெண்டுதான் அவன் வர்ற வழி" என்றார். மழையையோ காற்றையோ சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் கள்ளனைச் சொன்னார்.

ஆனியில் காற்று வந்தது. பட்டப்பகலில், எல்லோரும் கொழுந்து எடுக்க மலைக்குப் போயிருந்த நேரம். நான் கடையில் இருந்தேன், உங்கள் அம்மாதான் பார்த்தாள். தறப்பாள் ஒரு தடவை உப்பியதாம், ஆள் மூச்சு இழுத்த மாதிரி. பிறகு வெடித்து, பக்கத்தில் இருந்த பழைய தகரத்தோடு அடுப்புக்கு மேலே போட்ட புதுசு இரண்டையும், படுக்கைப் பக்கத்தில் மூன்றையும் பிய்த்துக்கொண்டு போனது. அவை கீழே தேயிலைக்குள் விழுந்து மடங்கிக் கிடந்தன. யாருக்கும் அடிபடவில்லை. அந்தக் காம்பிராவில் இனி ஆள் இருக்க முடியாது.

மகள் வந்து பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டார். இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

"கொஞ்சம் மிச்சம் இருக்கு தம்பி. ஆணிக்குப் போக. எண்ணித்தான் முடிஞ்சி வச்சிருக்கேன்." பிறகு, மகளுக்குக் கேட்காமல், "ஒன்னத்தான் கேக்கணும். அவன் பூண்டுலோயாவுக்கும் வருவானா?"

வருவான் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்குமுன் ஆட்டோ நகர்ந்துவிட்டது. அவர் திரும்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டு போனார். பதில் அவருக்குக் கிடைத்திருக்கும்.

இதுதான் மகளே, நீ கேட்ட சொல். பரீட்சைக்கு உன் புத்தகத்தில் இருக்கிறபடியே எழுது. வாத்தியார் சொன்ன பஸ்ஸையும் ஞாபகம் வைத்துக்கொள். வீங்கின காலை மட்டும் எழுதாதே.

பெரியம்மா போன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. மழை பெய்துகொண்டிருந்தது. அம்மாவிடம் சொல்லாமல் அந்தக் காம்பிராவுக்குள் போனேன். வீட்டுக்குள்ளே மழை பெய்வதை அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். அவர் களிமண்ணால் பிடித்து வெள்ளிக்கிழமை தோறும் மெழுகிய அடுப்பு ஒரு பக்கம் கரைந்து, செம்மண் தண்ணீர் வாசற்படி வரைக்கும் ஓடியிருந்தது. நான் பிடித்திருந்த குடையை விரித்தபடியே அடுப்பின் மேல் கவிழ்த்தேன். காற்றுக்குப் பறக்காமல் காம்பை ஒரு கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் செருகினேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.