பொந்தில் இருந்தவள்

கரம்பொன்னில் நான் இருக்கும் வீடு அண்ணையின் பெயரில் இருக்கிறது. எனக்குச் சீதனமாகக் கொடுக்கவென்று ஐயா கட்டிய வீடு அது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆனால் கலியாணத்தோடுதான் எழுதிக் கொடுப்பார்கள். சண்டைக் காலத்தில் என் கலியாணம் தள்ளிப்போனது, பிறகும் தள்ளிப்போனது, கடைசியில் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். ஐயா சாகக் கிடந்தபோது, எனக்குக் கலியாணம் நடக்கும்வரை அண்ணை வைத்திருக்கட்டும் என்று அவர் பெயருக்கு எழுதினார். நடக்காவிட்டால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. அண்ணை கனடாவுக்குப் போய்விட்டார். நான் கூட்டிக் கழுவி, உடைந்த ஓடு மாற்றி, இங்கேயே இருந்துவிட்டேன்.

கிணற்றடி வேம்பின் பொந்தில் இன்னொருத்தியும் இருந்தாள். புலிமுகச் சிலந்தி. விரித்த கையளவு இருப்பாள். மரப்பட்டையின் சாம்பல் நிறத்தோடு ஒட்டிக் கிடந்தால் ஆள் இருப்பதே தெரியாது. கண் எட்டு இருந்தும் பார்வை மட்டம், எல்லாம் அதிர்வில்தான். நான் வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்தாலே உள்ளே ஓடிவிடுவாள். பொழுதுபட வாசலில் வந்து குந்தியிருந்து, கிட்ட வருகிற கரப்பானைப் பிடிப்பாள். இடைக்கிடை தோலைக் கழற்றி வெளியே தள்ளியிருப்பாள். எட்டுக் காலும் அப்படியே இருக்கும், உள்ளே ஆளில்லை. முதல் தடவை, செத்துவிட்டாள் என்று கவலைப்பட்டேன். பிறகுதான் கைத்தொலைபேசியில் தேடிப் படித்தேன். பெண்கள் பத்து வருடத்துக்கு மேலும் உயிரோடு இருப்பார்களாம், பொந்தை விட்டு அதிகம் அசையமாட்டார்களாம். ஆண்கள் கடைசித் தோலைக் கழற்றியதும் பெண் தேடிக் கிளம்பிவிடுவார்களாம். அலைச்சல், ஒழுங்கான சாப்பாடு இல்லை, சில மாதங்களில் சாவு. வீடுகளுக்குள் வந்து அடி வாங்குவது பெரும்பாலும் அவர்கள்தானாம். ஆண் என்றால் வெளிக்கிட்டுப் போகத்தான் வேண்டும் என்பது இந்தச் சாதியிலும் இருக்கிறதே என்று சிரித்தேன்.

போன ஆடியில் அண்ணையும், அவர் மனைவியான என் மச்சாளும் வந்து நின்றார்கள். ஒரு பின்னேரம் விறாந்தையால் வந்து ஹோலுக்குள் நுழைந்தது ஓர் ஆண் சிலந்தி. மெலிந்த உடம்பு, நீண்ட கால். மச்சாள் கதிரையில் ஏறி நின்று கத்தினார். அது முன்னங்கால்களைத் தூக்கி அடியில் இருந்த மஞ்சளைக் காட்டியது. பயந்தால் அப்படித்தான் செய்யும். அண்ணை செருப்பால் அடித்துக் கொன்றார்.

"கிணத்தடி மரத்திலை ஒண்டு இருக்கெண்டு நீதானே போனிலை சொன்னனீ?"

"அது பெட்டை, அண்ணை. ஒருநாளும் வீட்டுக்கை வந்தது இல்லை. இது வெளியாலை அலையிற ஆண். சும்மா விட்டிருந்தாலும் செத்துப்போயிருக்கும்."

"கடிச்சால் ஆர் பொறுப்பு?"

கடித்தால் சாகமாட்டோம், தசை பிடித்து இழுத்து நாட்கணக்கில் நோகும், அதுவும் பொந்துக்குள் கையை விட்டால்தான் கடிக்கும் என்றேன். சொன்னதுதான் மிச்சம். விடிந்ததும் பொந்துக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி நெருப்பு வைத்தார். அவள் வெளியே வரவில்லை. ஆபத்து என்றால் உள்ளுக்குள் ஒடுங்கத்தான் அவளுக்குத் தெரியும். குஞ்சுகளும் இருந்திருக்கலாம், அவை மாதக்கணக்கில் தாயோடுதான் இருக்கும். ஓடி வந்தவனை அடித்தது போதாதென்று, தன் பாட்டில் இருந்தவளையும் கொளுத்தியாயிற்று.

மத்தியானம் சோறு போடும்போது அண்ணை கதையைத் தொடங்கினார்.

"இந்தப் பழைய வீடு இனிச் சரிவராது பிள்ளை. வித்துப்போடுவம். உனக்கு ஊர்காவற்றுறையிலை ஒரு அறை எடுத்துத் தாறன்."

"இது ஐயா எனக்கெண்டு கட்டினது."

"நீ கலியாணம் முடிச்சிருந்தால் நான் தராமல் விட்டிருப்பனே?"

கோபமில்லாமல், மெத்த நியாயமாகத்தான் கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க ஏலவில்லை. அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டுக் குசினிக்குப் போனேன்.

மச்சாள் பின்னால் வந்து, யன்னலால் கருகிய வேம்பைப் பார்த்தார்.

"அந்தச் சனியனைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு இவ்வளவு காலமும் தனிய இருந்தனீர். பயமில்லையே?"

"இருக்கேல்லை மச்சாள்," என்றேன். "நீங்கள் வந்தாப் பிறகுதான் பயம்."