வியாழனைக் கேட்கும் கம்பியில் ஈரப் பட்டு

வாசகசாலைப் பலகையில் இதை ஒட்டுகிறேன். படித்துவிட்டு யாரும் சிரிக்கக் கூடாது. நான் இன்னும் கோபத்தில்தான் இருக்கிறேன்.

மொட்டைமாடியில் இரண்டு மூங்கில்களை நிறுத்தி, நடுவே நீளமாகச் செம்புக் கம்பி கட்டியிருக்கிறேன். தாழ்ந்த அலைவரிசையில் வானத்தைக் கேட்க அது போதும். கீழே என் அறையிலுள்ள வால்வு ரேடியோவில் வியாழன் கிரகத்தின் சத்தம் கேட்கும்.

இன்று விடியற்காலையில் ஒன்றும் கேட்கவில்லை. மாடிக்கு ஓடினேன். கம்பி முழுக்கச் சாயம் சொட்டும் பட்டுநூல்! பட்டு நெசவு செய்யும் வீட்டுக்காரர் நிதானமாக உதறி உதறித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

“இது கொடி இல்லைங்க! வியாழனோட சத்தத்தப் பிடிக்கிற கம்பி!” என்று கத்தினேன்.

“குரு பகவானா?” கையில் நூலோடு திரும்பினார். “அவரு பேசறது கேக்குதா? அப்ப என் பொண்ணுக்கு எப்போ கல்யாணம்னு கேட்டுச் சொல்லு வாத்தியாரே.”

“பேச்சு இல்லைங்க, வெறும் இரைச்சல். அலை கரையில மோதற மாதிரி.”

“இரைச்சலுக்கு இன்னாத்துக்குபா என் மாடி? சாயங்காலத்துக்குள்ள அவுத்துடு.”

எரிச்சலில் புளுகினேன். “தை மாசம் நடக்கும்னு சொல்றாரு. மொதல்ல நூல எடுங்க!”

எடுத்துவிட்டார். கம்பி பிழைத்தது. ஆனால் மத்தியானத்திலிருந்து மாடிப்படி முழுக்க ஜாதகத்தோடு ஆட்கள். இரைச்சலைக் கேட்க ஒருவரும் வரவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் கல்யாணத்துக்குப் பெண் காத்திருக்காத தெருவில் வாடகைக்கு அறை ஏதாவது இருந்தால், இந்தத் தாளின் அடியில் எழுதிவிட்டுப் போங்கள். மொட்டைமாடி அவசியம்.