வட்டத்துக்குள் சொன்ன பெயர்

தம்பி அந்தச் சொல்லைக் காருக்குள் வைத்துத்தான் எங்களிடம் சொன்னான். விமான நிலையத்திலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். என் கணவர் அம்பாசிடரை ஓட்ட, முன் சீட்டில் நானும் தம்பியும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். அவன் கட்டிக்கொள்ளப்போகும் வெள்ளைக்காரப் பெண்ணும் அவளுடைய அம்மாவும் பம்பாய் வழியாகப் பறந்து வந்த களைப்பில் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மில் இயந்திரங்களைப் பற்றிப் படிக்க இங்கிலாந்து போனவன் தம்பி. போன இடத்தில் பெண்ணையும் பார்த்துக்கொண்டான். அந்த அதிர்ச்சியை நாங்கள் ஒரு வருடமாக மென்று விழுங்கியிருந்தோம். அப்பாவும் ஒருவழியாகச் சரி என்றிருந்தார்.

"அக்கா, அவங்க சர்ச்சுக்குப் போறவங்க இல்லீங்க்கா" என்றான் தம்பி.

"அப்புறம்? சாமியே இல்லைங்கறவங்களா?"

"சாமி உண்டுங்க்கா. மண்ணு, தண்ணி, காத்து, நெருப்பு, நெலா எல்லாத்தையும் கும்புடுவாங்க. விக்கான்னு பேரு. அவங்கம்மா அதுல பூசாரி மாதிரி."

"இதுல என்ன இருக்குது? நல்லதுதானே."

அவன் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அவங்க தங்களை விட்ச்சுன்னு சொல்லிக்குவாங்க."

என் கணவர் பிரேக்கை அழுத்திவிட்டார். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனான். அந்தச் சொல் எனக்குத் தெரியும். என் மகளின் ஆங்கிலக் கதைப் புத்தகத்தில் படத்தோடு இருக்கும். வளைந்த மூக்கு, கறுப்புத் தொப்பி, துடைப்பத்தின்மேல் ஏறிப் பறப்பவள், குழந்தைகளைப் பிடித்துத் தின்பவள். தமிழில் சொன்னால் சூனியக்காரி. நான் மெல்லத் திரும்பிப் பார்த்தேன். பல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற அந்த அம்மாள், காதில் மெஷினோடு, கழுத்தெல்லாம் வியர்க்குருவோடு, தலையைக் கண்ணாடியில் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பாகிட்ட இந்த வார்த்தையைச் சொல்லிப்போடாதே" என்றேன்.

கோயமுத்தூர் மண்டபத்தில் நம் முறைப்படி கல்யாணம். அதற்கு முந்தின வாரம் அவர்கள் முறைப்படி ஒரு சடங்கு செய்ய வேண்டும் என்று அந்தப் பெண் விரும்பினாள். அப்பாவிடம் தம்பி, "பொண்ணூட்டுச் சீருங்கப்பா" என்று மட்டும் சொன்னான். "அவங்க சீரை அவங்க செய்யட்டும். நாம வேண்டாம்னு சொல்றதுக்கு என்ன இருக்குது" என்றார் அப்பா. அவருக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்குத்தான் உள்ளுக்குள் உதறிக்கொண்டிருந்தது.

இடம் பார்க்க அந்த அம்மாள் எங்கள் பாக்குத் தோப்பு முழுவதும் செருப்பில்லாமல் நடந்தார். ஒவ்வோர் இடத்திலும் நின்று கண்ணை மூடுவார், தலையை ஆட்டுவார், நகர்ந்துவிடுவார். கடைசியில் வாய்க்கால் திரும்பும் இடத்தில், மரங்கள் விலகி வானம் தெரியும் ஒரு மேட்டில் நின்று சிரித்தார். எங்கள் அம்மா உயிரோடு இருந்தபோது பாக்கு காயவைத்த களம் அது. அந்த வெள்ளைக்கார அம்மாளுக்கு அது தெரிய வழியில்லை. வெயில் விழும் இடமாகப் பார்த்தார், அவ்வளவுதான்.

உப்பினால் வட்டம் போட வேண்டும் என்று ஒரு மூட்டை கல்லுப்பு கேட்டார். அப்போதுதான் அப்பா முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"உப்பைக் கொட்டுனா மண்ணு செத்துப்போகுமுங்க. அதை மட்டும் வேண்டாம்னு சொல்லு."

தம்பி மொழிபெயர்த்தான். அந்த அம்மாள் திடுக்கிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மண்ணைக் கும்பிடுகிற தனக்கு அது தோன்றாமல் போனதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஓர் அந்நியப் பெண்பிள்ளை கையைப் பிடித்ததில் அப்பா ஆடிப்போய் நின்றார். உப்புக்குப் பதிலாகச் செவ்வந்திப் பூவினால் வட்டம் என்று முடிவானது. தண்ணீர்ச் சொம்பில் மட்டும் ஒரு சிட்டிகை உப்பு.

சடங்கு அன்று காலையில் நாங்கள் வீட்டு ஆட்கள் மட்டும்தான். அப்பா, அவருடைய தங்கையான எங்கள் அத்தை, நான், என் கணவர். அத்தை பட்டுச் சேலை கட்டி வந்திருந்தார். அந்த அம்மாள் வெள்ளை அங்கியோடு தோப்புக்குள்ளிருந்து வந்தார், கையில் புதுச் சீமாறு. ஈர்க்குச்சியெல்லாம் வெளுப்பு மாறாத, சந்தையில் வாங்கிய தென்னஞ் சீமாறு. பிடியில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது.

அத்தைக்கு முகம் வெளிறிவிட்டது. எங்கள் வீடுகளில் நல்ல காரியத்துக்குப் போகும்போது சீமாறு கண்ணில் பட்டாலே திரும்பி உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். இங்கே அதற்குப் பூச்சூட்டிக் கொண்டுவருகிறார்கள்.

அந்த அம்மாள் களத்தைக் கூட்டத் தொடங்கினார். கூட்டினார் என்றால், சீமாறு தரையில் படவே இல்லை. ஒரு சாண் மேலே, காற்றில், இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டே வலமாக வந்தார்.

"ஏனுங்கண்ணா" என்றார் அத்தை அப்பாவிடம். "குப்பை அப்படியே கெடக்குது. அந்தம்மா காத்தைக் கூட்டிக்கிட்டிருக்குது."

"சும்மா இரு அம்மிணி" என்றார் அப்பா.

கூட்டி முடித்ததும் எங்களையெல்லாம் பூ வட்டத்துக்குள் வரச் சொன்னார். பிறகு ஒரு கறுப்புப் பிடி போட்ட கத்தியை எடுத்தார். அத்தை என் முழங்கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தித் தடம் விழுந்தது. கத்தியை நீட்டியபடி பூவின் விளிம்போடு ஒரு சுற்று வந்து, கிழக்கே நின்று காற்றையும், தெற்கே நெருப்பையும், மேற்கே தண்ணீரையும், வடக்கே மண்ணையும் கூப்பிட்டார். ஒவ்வொரு திசைக்கும் ஒரு பொருள் வைத்திருந்தார்: ஊதுவத்தி, அகல்விளக்கு, சொம்பு, எங்கள் தோப்பு மண்ணில் ஒரு பிடி. கூப்பிடும்போது அவர் குரல் மாறவில்லை, அருள் வந்து ஆடவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. நான் பயந்துகொண்டு வந்தது எதுவும் நடக்கவில்லை என்பதே எனக்கு ஒரு மாதிரி அதிர்ச்சியாக இருந்தது.

தம்பி மொழிபெயர்த்தான்: "இப்ப வட்டம் மூடியாச்சுங்க. முடியற வரைக்கும் யாரும் பூவைத் தாண்டக் கூடாதுங்களாம். போயே ஆகணும்னா அவங்ககிட்டச் சொல்லணும், கதவு தொறந்து உடுவாங்களாம்."

"எங்கே இருக்குது கதவு?" என்றார் என் கணவர் மெதுவாக. யாரும் சிரிக்கவில்லை.

தம்பியும் அந்தப் பெண்ணும் நடுவில் நின்றார்கள். அவர்கள் கைகளைச் சேர்த்துக் கட்டக் கயிறு தயாராக இருந்தது. கட்டுவதற்கு முன் அந்த அம்மாள் எங்கள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். தம்பி கொஞ்சம் தயங்கினான்.

"இங்க இருந்திருக்க வேண்டியவங்க, இல்லாம இருக்கறவங்க, அவங்க பேரை யாராச்சும் சொல்லணும்னா இப்பச் சொல்லலாமுங்க. சொன்னா அவங்களும் வட்டத்துக்குள்ள வந்த மாதிரி. அதுக்கு யாரும் பதில் பேசக் கூடாது."

முதலில் அந்தப் பெண் இறந்துபோன தன் தாத்தாவின் பெயரைச் சொன்னாள். தம்பி எங்கள் அம்மா பெயரைச் சொன்னான். நானும் அம்மா பெயரையே சொன்னேன். அத்தை தன் வீட்டுக்காரரைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்து அப்பா. அவரும் அம்மா பெயரைத்தான் சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

அப்பா என் தங்கையின் பெயரைச் சொன்னார்.

இதைப் படிப்பவர்களுக்கு அது என்ன என்று சொல்லியாக வேண்டும். எனக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்தவள் அவள். எங்கள் கிணற்று மோட்டாரைப் பழுது பார்க்க வந்தவரோடு, வேறு சாதிக்காரரோடு, ஒருநாள் காலையில் கிளம்பிப் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பா வாய்க்காலில் தலை முழுகிவிட்டு வந்து, அவள் செத்தாள் என்று சொன்னார். அவள் போட்டோக்களை அடுப்பில் போட்டார். அம்மா சாகக் கிடந்தபோதுகூட அவளுக்குச் சொல்லி அனுப்ப விடவில்லை. அந்தப் பெயர் எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு ஒலித்ததே இல்லை. அதே பெயர் கொண்ட ஒரு வேலைக்காரம்மாவைக்கூட நாங்கள் வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டோம்.

அந்தப் பெயரை, செல்லப் பெயரைக்கூட அல்ல, பள்ளிக்கூடத்தில் கொடுத்த முழுப் பெயரை, அப்பா சத்தமாகச் சொன்னார்.

"அண்ணா!" என்று கத்தினார் அத்தை. தம்பி மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு அப்பாவையே பார்த்தான். நான் கேட்டது சரிதானா என்று என் கணவரைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தபடி நின்றார். அந்த அம்மாளுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. மற்ற பெயர்களுக்குத் தலையசைத்த மாதிரியே இதற்கும் தலையசைத்தார்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போகத் திரும்பினார். பூவின் ஓரம் வரைக்கும் போனவர், நின்றார். காலைத் தூக்கி வைத்தால் போதும், வெறும் செவ்வந்திதான். ஊர்க் கூட்டத்தில் பாதியில் எழுந்து போகிறவர், யாருக்கும் நின்று பழக்கமில்லாதவர், அந்தப் பூவுக்கு முன்னால் கைகட்டி நின்றார். அந்த அம்மாள் கத்தியோடு அருகே போய், தரையிலிருந்து மேலே, குறுக்கே, மறுபடி கீழே என்று காற்றில் ஒரு வாசல் கீறினார். திரையை விலக்குவதுபோல் கையை விலக்கினார். அப்பா கொஞ்சம் குனிந்து, நிஜமாகவே வாசல்நிலை தலையில் இடிக்கும் என்பதுபோலக் குனிந்து, வெளியே போனார். வாய்க்கால் கரையில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

மிச்சச் சடங்கு எனக்குச் சரியாக நினைவில்லை. கயிறு கட்டினார்கள். அந்தச் சீமாற்றைக் கிடத்தி இருவரும் கைகோத்துத் தாண்டினார்கள். அதற்குக்கூட அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

மத்தியானம் தம்பி நடந்ததை அந்த அம்மாளுக்கு விளக்கினான். அவர் பயந்துபோய் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். தன் கல்யாணத்துக்குத் தன் அப்பா வரவில்லை, அதனால்தான் தான் நடத்துகிற எல்லாக் கல்யாணத்திலும் இப்படிப் பெயர் கேட்பதாகச் சொன்னார். மந்திரம் எதுவும் இல்லை என்று அவரே சொன்னார்.

ராத்திரி அப்பாவுக்குச் சோறு போட்டபோது, "நாளைக்குத் தாராபுரம் போயிட்டு வாரோமுங்கப்பா" என்றேன். தங்கை அங்கே இருக்கிறாள் என்று என் கணவருக்கு வியாபாரத்தில் பழகியவர்கள் மூலம் தெரியும். அப்பா மோரை ஊற்றச் சொன்னார். போகாதே என்று சொல்லவில்லை.

தாராபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவள் வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். மாடியில் வீடு. கதவைத் திறந்த தங்கைக்கு என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"யாரு செத்தது?" என்றாள்.

"யாரும் சாகலை. தம்பிக்குக் கல்யாணம்."

உள்ளே விட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். பூ வட்டம், கத்தி, அப்பா சொன்ன பெயர். அவள் பொய் என்று நினைத்தாள். என் கணவரைப் பார்த்து, "மச்சான், நெசமாலுமா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"இல்லாதவங்க பேரைத்தானே சொல்லச் சொன்னாங்க" என்றாள். "செத்தவங்களோட சேத்துச் சொன்னாரா?"

"இருந்திருக்க வேண்டியவங்க பேருன்னு கேட்டாங்க" என்று மட்டும் சொன்னேன். அவள் வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

கல்யாணத்தன்று காலை மண்டப வாசலில் அப்பா ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். நான் இணைச்சீருக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்கு அக்காளோ தங்கையோ செய்ய வேண்டிய சீர் அது. வாசலில் திடீரென்று பேச்சு அடங்கிய மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்தால், தங்கை. கூட அவள் வீட்டுக்காரரும் ஒரு பெண் குழந்தையும்.

அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்பத்தான் வாரதா?" என்று சத்தம் போட்டார் அப்பா. "சீருக்கு நேரமாச்சு. உள்ளே போய் அக்காளுக்குத் தொணையா நில்லு."

காலையில் கடைக்குப் போய் லேட்டாகத் திரும்பியவளைத் திட்டுவதுபோல இருந்தது. தங்கை விறுவிறுவென்று உள்ளே வந்தாள். அறைக்குள் வந்ததும் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இத்தனை வருசத்துக்கு இதுதானாக்கா? அம்மா சாவுக்குக்கூட உடாத மனுசன், நேரமாச்சுங்கறாரு!"

அழவில்லை. அந்தக் கோபத்தோடேயே வந்து சீரில் என் பக்கத்தில் நின்றாள். பங்காளிகளில் சிலர் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். அப்பா அவர்களைத் தடுக்கவில்லை. என் தங்கையின் வீட்டுக்காரரோடும் அவர் பேசவில்லை. ஆனால் பந்தியில் அப்பா அவருடைய இலைக்கு நேரே நின்று, "இங்க சாதம் போடு" என்று பரிமாறுகிறவனிடம் சொன்னதை நான் பார்த்தேன்.

தம்பியும் அவன் மனைவியும் இங்கிலாந்து திரும்பினார்கள். தங்கை அதன்பிறகு வந்துபோனாள். ஆனால் அப்பா வீட்டில் ஒருநாளும் தங்கியதில்லை. அப்பா மன்னிப்புக் கேட்டதும் இல்லை, அவள் மன்னித்ததாகச் சொன்னதும் இல்லை. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கூட இருந்தது அவள்தான். மாத்திரைக்குச் சண்டை, கஞ்சிக்குச் சண்டை, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை.

எதிர்க் கட்டிலில் இருந்த பெரியவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏனுங்கம்மிணி, உங்கப்பாருக்கும் அந்தப் புள்ளைக்கும் ஆகாதுங்களா?"

"ரொம்ப நாளாப் பேசாம இருந்தாங்க" என்றேன். "அதான் இப்பப் பேசிக்கிறாங்க."