தங்கையின் பங்கு

கணவர் மஸ்கட்டில் இருந்தார். அனுப்பிய பணத்தில் அருமனைக்குப் பக்கத்தில் பத்து சென்ட் நிலம் வாங்கி, வாடகைக்கு இரண்டு வீடு கட்டலாம் என்பது எங்கள் கணக்கு. விற்க வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ரப்பர் வியாபாரி, தன்மையான மனிதர். நிலம் அவருடைய அப்பா பெயரில் இருந்தது. அம்மாவுக்குப் பின் அப்பாவும் உயில் எழுதாமலே இறந்திருந்தார்.

குழித்துறையில் எனக்குத் தெரிந்த வக்கீல் அம்மா, “அப்பாவுக்கு எத்தனை பிள்ளைகள்?” என்று கேட்டார்.

“நான் ஒருத்தன்தான்” என்றார் அவர்.

அவர் போனபின் வக்கீல் அம்மா என்னிடம், “எதற்கும் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்” என்றார்.

மறுநாள் போனேன். பக்கத்து வீட்டுக்காரம்மா துணி காயப்போட்டுக்கொண்டே, “ஒரு பொண்ணு உண்டே! கடப்புறத்துல மீன்பிடிக்கிற பையனக் கெட்டிட்டுப் போயிட்டுது. இப்ப புதுக்கடையில இருக்குது” என்றாள்.

வியாபாரியிடம் கேட்டேன். முகம் வாடிப்போனது. “அவ எங்களுக்கு இல்லாதவ” என்றார். ஆனால் சட்டத்துக்கு அவள் இருந்தாள். அவளுடைய பங்கை விட்டுவிட்டு எழுதிய பத்திரத்தை நம்பி நான் வீடு கட்ட முடியாது. நிலத்தைக் காட்டித் தந்த புரோக்கர், “அது பாவப்பட்ட பொண்ணு. எதாவது குடுத்தா பத்திரத்துல ஒப்பு போட்டுரும்” என்றான்.

புதுக்கடைச் சந்தைக்கு அருகில் அவள் தையல் கடை வைத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். மெஷினை நிறுத்தினாள்.

“எனக்க அப்பன் செத்ததே அடக்கம் முடிஞ்ச பொறவுதான் தெரியும் அக்கா. இப்ப எனக்க ஒப்பு மட்டும் வேணுமாக்கும்?”

என் வீட்டிலும் நகை போட்டு அனுப்பியதோடு சரி, நிலத்தைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. “யார் வந்து கேட்டாலும் ஒரு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்து போடாதே” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். “வாங்க வந்த ஆளே இப்பிடிச் சொன்னா எப்பிடி? செரி, அண்ணன் வந்து கேக்கட்டும். அப்பொறம் பாப்போம்.”

அண்ணன் மாதக்கணக்கில் அசையவில்லை. நான் விடாமல் போன் செய்தேன். கடைசியில் ஒருநாள் இருவரும் வக்கீல் அம்மாவின் அலுவலகத்தில் ஒரே பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் தரையைப் பார்த்தபடி கேட்டார்: “ஒனக்குப் பிள்ளைய எத்தன மக்கா?”

“ரெண்டு பொண்ணு” என்றாள். அதற்குமேல் பேச முடியாமல் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தருவாள் என்றே எல்லோரும் நினைத்தோம். அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எனக்க பங்கு எனக்கு வேணும்” என்றாள். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையாட்டினார். பாகப்பிரிவினை முதலில் பதிவானது. தன் பாதியை அவர் எனக்கு விற்றார்.

மஸ்கட்டிலிருந்து கணவர் போனில் கத்தினார். “ஒரு ஒப்பு வாங்கத் துப்பில்லியா ஒனக்கு? பாதி எடத்த விட்டுட்டு வந்து நிக்கிய!” அழுகை வந்தது. ஆனால் வாங்கியதை நினைத்து ஒருநாளும் வருந்தவில்லை. ஐந்து சென்டில் ஒரே ஒரு வீடு கட்டினோம். ஒரு நர்ஸ் குடும்பம் வாடகைக்கு வந்தது. பக்கத்து ஐந்து சென்டில் அடுத்த வருஷம் அந்தத் தங்கை வீடு கட்ட வானம் தோண்டினாள். கல் இறக்க அண்ணனுடைய வண்டிதான் வந்தது.