பெருமாள் உள்ளில் ஒரு ரவுட்டர்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம், சுவர்கள் ஒன்றரை அடி கனம். வாசலில் மாட்டிய வைஃபை, பின்கட்டில் இருக்கும் என் மேஜைக்கு எட்டவே எட்டாது. அதனால் வாசலிலிருந்து நடுவீடு வரை ஒயர் இழுத்து, அங்கே இன்னொரு ரவுட்டர் வைக்க வேண்டியதாயிற்று. நடுவீட்டில் இருந்த ஒரே பிளக் பாயின்ட் பெருமாள் உள்ளில், அதாவது பூஜை அறையில். "இங்கயே வெச்சுக்கோயேன்" என்று அப்பாதான் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

அன்று பிடித்தது சனி. காலையில் ஜோராக ஓடும் லைன், மதியச் சாப்பாட்டு நேரத்தில் செத்துவிடும். மீட்டிங்கில் பாதி வாக்கியத்தில் நான் காணாமல் போவேன். மேலாளர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வீட்ல லைன் சரியா வராதுன்னா பெங்களூர் ஆபீசுக்கே வந்துடுங்க" என்றார். வீட்டில் நானும் அப்பாவும்தான். எழுபத்தெட்டு வயதுக்காரரை யாரிடம் விட்டுவிட்டுப் போவேன்?

கே.கே. நகரிலிருந்து வரும் டெக்னீஷியன் காலையில்தான் வருவார். எல்லாம் ஓடும். இரண்டு தடவை ஒயரை மாற்றினார். மூன்றாம் தடவை, "உங்க லேப்டாப்தாங்க பழசு" என்றார். எரிச்சலில் புதிதாக ஒன்று வாங்கித் தொலைத்தேன். மதியம் அதிலும் லைன் போனது.

ஒரு வியாழக்கிழமை மீட்டிங் அறுந்ததும் பெருமாள் உள்ளுக்கு ஓடினேன். மதியத்தில் சாத்திய அந்தக் கதவைத் திறக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. திறந்தேன். ரவுட்டரின் சுவிட்ச் அணைந்திருந்தது.

"யாருப்பா இதை அணைச்சா?"

"நான்தான். பெருமாள் அமுது செஞ்சு கண்வளர்ற நேரம். முகத்துக்கு நேரா பச்சை லைட் மினுக்கிண்டே இருந்தா எப்படித் தூங்குவார்? சாயங்காலம் விளக்கேத்தறச்சே திரும்பப் போட்டுடறேனே."

கத்தித் தீர்த்துவிட்டேன். அதுவரை அவரிடம் மறைத்திருந்த பெங்களூர் விஷயமும் வாயில் வந்துவிட்டது. அப்பா சுவிட்சைப் போட்டார்.

மறுநாள் லைன் அறுபடவில்லை. மீட்டிங் முடித்துச் சாப்பிடப் போனேன். மூன்று தலைமுறையாக இடம் மாறாத பெருமாள், சமையலறை அலமாரியில் பருப்பு டப்பாக்களுக்குப் பக்கத்தில் திரை போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு மறுபடி கோபம் வந்தது.

"அந்த லைட் மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா போதுமேப்பா. இல்ல, அந்தப் பொட்டியைத் திருப்பி வெச்சிருக்கலாம்."

"அதைத் தொடப் பயமா இருந்ததும்மா" என்றார் அப்பா. "ஏதாவது ஆகி, நீ கிளம்பிட்டேன்னா?"