பெல்ட் பூட்டில் சிக்கிய இரும்பு

என் சாவிக்கொத்தில் ஓர் இரும்புத் துண்டு தொங்குகிறது. இரண்டு விரல் அகலம், நடுவில் சதுரமாக ஓர் ஓட்டை, ஒரு பக்கம் ரம்பத்தால் கோணலாக அறுத்த தடம். போத்தல் திறக்கிற சாமானா என்று கேட்டவர்கள் உண்டு. ஆமாம் என்று சொல்லிவிடுவேன். எல்லாரிடமும் கதை சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. உண்மையில் அது ஏதோ ஒரு பழைய காரின் சீட் பெல்ட் நுனியில் இருந்த நாக்கு. பெல்ட்டை அறுத்து எறிந்துவிட்டு நாக்கை மட்டும் எடுத்து, தோட்டத்து வண்டி ஒன்றின் பெல்ட் பூட்டுக்குள் யாரோ செருகி வைத்தார்கள். யாரோ என்ன யாரோ, எங்களை வேலை வாங்குகிற மண்டோர்தான் செருகினார். அந்த வண்டியை ஓட்டியவள் என் அக்கா.

ஜொகூரில் காஹாங் பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் நாங்கள் இருந்தோம். அக்கா உரம் போடுகிற கும்பலில் வேலை செய்தாள். உர வாளியை இடுப்பில் சுமந்து, மரத்துக்கு மரம் நடந்து, கையால் வீசுகிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முதுகை நிமிர்த்த முடியாமல் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். அப்போதுதான் தோட்டத்துக்கு அந்த வண்டி வந்தது. நாங்கள் அதைப் பகி என்போம். நான்கு முரட்டுச் சக்கரம், முன்னால் இரண்டு இருக்கை, பின்னால் மூட்டை ஏற்றுகிற தொட்டி, தலைக்கு மேலே இரும்புக் குழாயில் செய்த கூண்டு. லாரி போகாத மேட்டிலெல்லாம் ஏறும். யார் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டபோது பெண்கள் வரிசையில் கையைத் தூக்கியவள் அக்கா ஒருத்திதான். முதுகு வலி தூக்க வைத்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

வண்டியை விற்ற கடையிலிருந்து ஒரு மலாய்க்காரர் வந்து சொல்லிக்கொடுத்தார். நல்ல மனிதர். வண்டி சாய்ந்தால் குதிக்காதே, காலை ஊன்றாதே, பெல்ட்டோடு கூண்டுக்குள்ளேயே இரு, கூண்டு உன்னைக் காப்பாற்றும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். “காக்கி டாலாம், தாங்கான் டாலாம்” என்று ஒவ்வொரு முறையும் முடிப்பார். கால் உள்ளே, கை உள்ளே. அக்காவுக்கு அந்த வாக்கியம் பிடித்துப்போனது. வீட்டில் நான் காலை நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தால் வழியில் கிடக்கிற காலை மிதித்து, “ஏய், காக்கி டாலாம்!” என்பாள். அம்மா கழுவாத கையைச் சோற்றுக்குள் விட்டாலும் அதேதான். மாமா, அதாவது அக்கா புருஷன், சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு வாரக் கடைசியில் வருவார். அவரும் அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்.

காலையில் வண்டியை எடுக்கும் முன்னால் அவள் அதைச் சுற்றி வருவாள். குனிந்து தரையில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். ஒவ்வொரு டயரையும் கட்டைவிரலால் அழுத்துவாள், சக்கரத்து நட்டைக் கையால் திருகிப் பார்ப்பாள், பெட்ரோல் நாற்றம் வருகிறதா என்று மூக்கை நீட்டி மோந்து பார்ப்பாள். பிறகு ஏறி உட்கார்ந்து வேகம் கூட்டுகிற எண்ணெய் மிதியை அழுத்தி எடுத்தால் அது உடனே மேலே வருகிறதா, பிரேக் அழுத்தம் கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்து, நாலடி நகர்த்தி நிறுத்திப் பார்ப்பாள். மூட்டைகளைத் தாழ்வாக அடுக்கிக் கயிறு கட்டாமல் கிளம்ப மாட்டாள். மேட்டில் நேராக ஏறுவாள், நேராக இறங்குவாள், குறுக்கே போக மாட்டாள். மற்ற பெண்கள் கும்பலாக நின்று சிரிப்பார்கள்.

“என்னடி, கோயில் சுத்தி முடிச்சாச்சா?”

“முடிச்சாச்சு. அடுத்து மொட்டை போடணும், நீ வந்து குந்து.”

“அலமாக், வண்டியைப் பிடிச்சதும் வாயைப் பாரு இவளுக்கு!”

அவளுக்கு வாய் நீளம்தான். அடக்கமான பெண் என்று யாரும் அவளைச் சொன்னதில்லை. உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு உர மூட்டை ஏற்றப் போவாள். அந்த வண்டியில் உட்கார்ந்தால் தான் மேனேஜர் மாதிரி இருப்பதாக அவளுக்கு நினைப்பு. எனக்கு அது எரிச்சலாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

வண்டி அவளுடையது மட்டும் இல்லை. மத்தியானத்துக்கு மேல் மண்டோர் எடுத்துக்கொண்டு போவார். வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்கிற மேஸ்திரி அவர். நாலு வரிசைக்கு ஒருதரம் இறங்கி ஏறுகிறவர். பெல்ட் மாட்டாவிட்டால் அந்த வண்டி டிங் டிங் என்று கத்தும், வேகம் எடுக்காமல் ஆமை மாதிரி ஊரும். அவருக்குப் பொறுக்கவில்லை. எங்கிருந்தோ ஒரு பழைய நாக்கை அறுத்துக்கொண்டு வந்து பூட்டில் செருகிவிட்டார். கத்தல் நின்றது, வேகம் வந்தது. தோட்டம் முழுக்க அவரைக் கெட்டிக்காரர் என்றார்கள். பக்கவாட்டில் கை கால் வெளியே போகாமல் ஒரு வலை இருந்தது. ஏறி இறங்க இடைஞ்சல் என்று அதையும் கழற்றிக் கொண்டுபோய்த் தன் வீட்டுக் கோழிக் கூண்டுக்கு அடித்துக்கொண்டார். இதை நான் சிரிக்கச் சொல்லவில்லை. அந்த வலைக்குப் பின்னால் கோழிகள் பத்திரமாக இருந்தன.

ஆரம்பத்தில் அக்கா தினமும் காலையில் அந்த நாக்கைப் பிடுங்கித் தூர வைத்துவிட்டுத் தன் பெல்ட்டை மாட்டுவாள். மண்டோர் மத்தியானம் திரும்பச் செருகுவார். உரத் தூளும் மழைத் தண்ணீரும் சேர்ந்தால் எந்த இரும்பையும் தின்றுவிடும். ஒருநாள் நாக்கு பூட்டுக்குள்ளேயே இறுகிப்போய் வெளியே வரவில்லை. அதன்பிறகு அக்காவின் பெல்ட் போய் மாட்ட இடமே இல்லை. பட்டறையில் போய்ச் சொன்னாள். பூட்டையே மாற்ற வேண்டும், சாமான் வரட்டும் என்றார்கள். மண்டோரிடம் சண்டை போட்டாள்.

“வண்டி ஓடுதா இல்லையா?” என்று அவர் கேட்டார்.

“ஓடுது. நான் விழுந்தா யாரு பிடிப்பா, நீங்களா?”

“ஏம்மா, நீ என்ன ரேஸா ஓட்டுறே? பயமா இருந்தா சொல்லு, வேற ஆளைப் போடறேன். நீ திரும்பவும் வாளியைத் தூக்கு.”

அவள் திரும்பி வண்டிக்கே போனாள். வண்டியை விட்டால் மறுபடியும் இடுப்பில் உரம். கொஞ்ச நாள் ஒரு பழைய கைலியை முறுக்கி, இருக்கையோடு சேர்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓட்டினாள். “தொட்டில்ல போட்டு ஆட்டுறாங்களா லா உன்னை?” என்று பெண்கள் கேட்டார்கள். கேலிக்காக அவள் அதை விடவில்லை. ஒவ்வொரு வரிசையிலும் இறங்கி மூட்டை தள்ள வேண்டும். ஈரக் கையால் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்ட முடியவில்லை. விட்டுவிட்டாள். காலையில் சுற்றி வந்து பார்ப்பதை மட்டும் விடவில்லை. டயர் சரி, பிரேக் சரி, எண்ணெய் சரி. பூட்டைப் பார்க்கும்போது ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்புவாள். மழைக்காலம் வந்தது. சாமான் வரவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் மேட்டுப் பாதையின் ஓரம் சரிந்தது. வண்டி வேகமாகப் போகவில்லை, பின்னால் நடந்து வந்த பெண்களே சொன்னார்கள். இடது பக்கம், அவள் உட்கார்ந்திருந்த பக்கமாகவே, மெதுவாகச் சாய்ந்ததாம். எருமை படுக்கிற மாதிரி படுத்தது என்று ஒருத்தி சொன்னாள். அக்கா இடது காலை வெளியே நீட்டி ஊன்றினாள். காலைத் தொடர்ந்து உடம்பும் வெளியே வந்தது. கூண்டின் குழாய் அவள் மேல் விழுந்தது. பெண்கள் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். ஈர மண்ணில் அவர்களுக்குக் கால் நிற்கவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்ததாம். வண்டிக்கு ஒரு கண்ணாடி உடைந்ததைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. உள்ளே கட்டுண்டு கிடந்திருந்தால் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மண்டோரைத் திட்டப் போயிருப்பாள்.

ஏன் காலை நீட்டினாள் என்று பலர் என்னிடம் கேட்டார்கள். ஊருக்கே காக்கி டாலாம் சொன்னவள் ஏன் நீட்டினாள்? கேட்கிறவர்கள் எல்லாரும் எங்களைப் போலச் சின்ன வயதிலிருந்து மோட்டார் சைக்கிளில் வளர்ந்தவர்கள்தான். தோட்டத்தில் பள்ளிக்கூடம் போக, சந்தைக்குப் போக, சாவு வீட்டுக்குப் போக எல்லாவற்றுக்கும் மோட்டார்தான். செம்மண் பாதையில் வண்டி சறுக்கினால் கால் தானாகக் கீழே போய் ஊன்றும். ஊன்றி ஊன்றித்தான் இத்தனை வருஷம் பிழைத்தோம். அந்தக் கால், இது மோட்டார் இல்லை, தூக்க முடியாத இரும்பு என்று நிதானித்துப் பார்க்காது. அக்காவின் வாய்க்குத் தெரிந்திருந்தது. காலுக்குத் தெரியவில்லை. அதற்காகத்தான் பெல்ட் வைத்தார்கள். கால் போனாலும் உடம்பைப் போகவிடாமல் பிடித்துக்கொள்ள. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். ஆனால் ஒருவருக்கும் புரியவில்லை.

அதிகாரிகள் வந்து படம் எடுத்தார்கள். ஓட்டியவர் பெல்ட் அணியவில்லை என்று நிர்வாகம் சொன்னது. அது உண்மைதான். யாரும் பூட்டைக் குனிந்து பார்க்கவில்லை. மாமா அதைச் சொல்லச் சொல்லி என்னைத் தள்ளினார், தான் சொல்லவில்லை. நான் சொன்னேன். பார்க்கிறோம் என்றார்கள். அக்காவின் சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் விதி என்றார்கள். மண்டோரும் வந்து அதையே சொன்னார், அழுதுகொண்டே சொன்னார். அவர் கண்ணீர் பொய் இல்லை. அதனால் என்ன?

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. அதற்குள் வண்டிக்குப் புதுக் கண்ணாடி போட்டு வேலைக்கு விட்டிருந்தார்கள். வண்டி ரத்தம் பார்த்துவிட்டது, அதைச் சாந்தப்படுத்த வேண்டும் என்று தோட்டத்தில் பேச்சு. கழுவித் துடைத்து, கூண்டுக் குழாய்க்குச் சாமந்தி மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். செத்தவளின் தாய் பொட்டு வைத்தால் வண்டியின் கோபம் தீரும் என்று பூசாரி சொல்லி, அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். அம்மா விரலால் சந்தனம் தொட்டு ஸ்டியரிங்கில் வைத்தாள், குங்குமம் வைத்தாள். பிறகு, யார் சொன்னார்களோ, இருக்கை ஓரத்துப் பூட்டுக்கும் வைத்தாள். நான் அப்போதுதான் கிட்டே போய்ப் பார்த்தேன். நாக்கு அப்படியே உள்ளே இருந்தது. அதன்மேல் ஈரக் குங்குமம்.

பட்டறைப் பெட்டியிலிருந்து திருப்புளியும் சுத்தியலும் எடுத்து வந்தேன். மாலையைத் தள்ளிவிட்டு அடித்தேன். பூசாரி கத்தினார், “பொம்பளப் பிள்ளைக்குப் புத்தி கெட்டுப்போச்சு” என்று மண்டோர் மனைவி சொன்னாள். அம்மா சந்தனத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூட்டு உடைந்தபிறகுதான் நாக்கு வந்தது. எல்லாரிடமும் தூக்கிக் காட்டினேன். சாந்தி பண்ண வேண்டியது இதுக்குத்தான் என்று கத்தினேன். கற்பூரம் எரிந்து முடிந்ததும் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தது, உடைந்த பூட்டோடு. மண்டோர்தான் ஓட்டினார்.

இப்போது நான் வேறோர் இடத்தில் வேலை செய்கிறேன். சிங்கப்பூரிலிருந்தும் ஜொகூர் பாருவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இதே மாதிரி வண்டிகளைக் காட்டுக்குள் ஓட்டி, சேற்றை வாரி அடித்துக்கொண்டு போகிற இடம். கிளம்பும் முன்னால் அவர்களுக்கு விளக்கம் சொல்வது என் வேலை. அக்கா சுற்றின மாதிரியே காலையில் வண்டிகளைச் சுற்றுகிறேன், குனிகிறேன், மோந்து பார்க்கிறேன். பிறகு வந்தவர்கள் முன்னால் நின்று தலைக்கவசம், பெல்ட், கால் உள்ளே, கை உள்ளே என்று சொல்கிறேன். அவர்கள் கைப்பேசியில் என்னைப் படம் எடுக்கிறார்கள். ஆன்ட்டி ரொம்பக் கோபக்காரி என்று பிள்ளைகள் சிரிக்கின்றன.

இன்று காலை முதல் வண்டியின் பெல்ட்டை மாட்டப் போனேன். பூட்டில் ஏற்கெனவே ஒரு நாக்கு இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ரம்பத் தடம் எதுவும் இல்லை. பளபளவென்று, விளிம்பு மழமழவென்று, மேலே சிரிக்கிற மண்டையோடு ஒன்று அச்சடித்து இருந்தது. எல்லா வண்டியிலும் அதேதான். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் முதலாளி மேசையில் போட்டேன். என்னைவிடச் சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“இது என்ன தம்பி?”

“ஓ, அதுவா. ஆன்லைன்ல வாங்கினேன்க்கா, ஒரு பாக்கெட்டா வருது. டிங் டிங்னு சத்தம் வீடியோவுல விழுதுன்னு கஸ்டமர் கம்ப்ளேன் பண்றாங்க லா.”

“பெல்ட் மாட்டினா சத்தம் வராதே.”

“சட்டை கசங்குதாம்க்கா. என்னா செய்றது? நீங்க டென்ஷன் ஆகாதீங்க, நான் பாத்துக்கிறேன்.”

சாவிக்கொத்தை எடுத்து அந்தப் பழைய துண்டைப் புதியதின் பக்கத்தில் வைத்தேன். ஒரே அகலம், ஒரே ஓட்டை. மண்டோர் ரம்பத்தை வைத்துக்கொண்டு வியர்க்க வியர்க்க அறுத்ததை இப்போது எங்கோ ஒரு தொழிற்சாலையில் அச்சடித்து, பாக்கெட்டில் போட்டு, வீடு தேடி அனுப்புகிறார்கள். முதலாளி இரண்டையும் பார்த்தார். “உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கா?” என்று கேட்டார். அக்காவைப் பற்றி அவரிடம் முன்பே சொல்லியிருக்கிறேன்.

பத்து மணிக்கு வந்த குடும்பங்கள் ஏறி உட்கார்ந்தன. தொண்டை வலிக்கச் சொன்னேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். வண்டிகள் வரிசையாகக் கிளம்பின, ஒன்றிலிருந்தும் சத்தம் வரவில்லை. பெல்ட் மாட்டியிருந்தாலும் வராது, பூட்டில் அது இருந்தாலும் வராது. நின்ற இடத்திலிருந்து எனக்கு எது என்று தெரியவில்லை. சாவிக்கொத்தைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு பாதை ஓரம் வரை ஓடினேன்.

“காக்கி டாலாம்!” என்று கத்தினேன். “தாங்கான் டாலாம்!”

கடைசி வண்டியில் இருந்த ஒருவன் கையை முழுசாக வெளியே நீட்டி எனக்கு டாட்டா காட்டினான்.