கொக்கி இல்லாத கூடை

எங்கள் கல்யாண நாளுக்கு வார்டில் கூட வேலை செய்யும் நர்சுகள் சேர்ந்து ஒரு பரிசு கொடுத்தார்கள். விடியற்காலையில் பாலைவனத்துக்கு மேலே பலூனில் போக இரண்டு டிக்கெட். எனக்கு உயரம் ஆகாது. துபாய்க்கு வந்து இத்தனை வருஷமாகியும் கண்ணாடி லிஃப்டில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வேன்.

"நீங்க யாராவது ஃபிரண்டைக் கூட்டிட்டுப் போங்க" என்று கணவரிடம் சொன்னேன்.

அவர் சாரம் கட்டும் வேலையில் ஃபோர்மேன். பெரிய பெரிய கட்டிடங்களுக்கு வெளியே இரும்புக் குழாய்மேல் நின்று வேலை பார்க்கிறவர். "நான் தினமும் ஏறாத உயரமா பிள்ள? என் கையைப் பிடிச்சுக்கோ, போதும்" என்றார்.

கராமாவில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே வண்டி வந்தபோது இன்னும் இருட்டு. வழியெல்லாம் அவர்தான் பேச்சு. வண்டி ஓட்டிய பெஷாவர்க்கார பாயிடம், தன் சைட்டின் உயரத்தை இந்தியில் விவரித்துக்கொண்டே வந்தார். பாயும் "அச்சா, அச்சா" என்று கேட்டுக்கொண்டார்.

மணலில் இறங்கியதும் நல்ல குளிர். பலூன் துணியைத் தரையில் விரித்துப்போட்டிருந்தார்கள். பெரிய விசிறி வைத்துக் காற்றை ஊதினார்கள். பிறகு நெருப்பைப் பாய்ச்சினார்கள். அது மெல்ல உப்பி, எழுந்து நின்றது. கீழே பெரிய பிரம்புக் கூடை. பக்கவாட்டில் கால் வைத்து ஏற ஓட்டைகள். அதில் கால் வைத்து எனக்கு முன்னால் அவர்தான் ஏறினார். கையும் கொடுத்தார்.

உள்ளே நின்றதும் அவருடைய வலது கை இடுப்புக்குப் போனது. பிறகு கூடையின் விளிம்பைத் தடவியது.

"என்ன தேடுறீங்க?"

"பெல்ட் மாட்டுற கொக்கி எங்க?"

பைலட் நரைத்த தாடி வைத்த வெள்ளைக்காரர். அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். பயணிகளுக்கு பெல்ட் கிடையாது, விளிம்பு நெஞ்சளவு இருக்கிறதே, பயப்பட வேண்டாம் என்றார். இதை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் தரை எங்களை விட்டு நழுவியிருந்தது. ஒரு குலுக்கல் கூட இல்லை. கீழே கயிறு பிடித்து நின்றவர்கள் சிறுத்துக்கொண்டே போனார்கள்.

திரும்பினால் பக்கத்தில் ஆளைக் காணோம். கூடைக்குள் குத்த வைத்து உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி, என் சுடிதார் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ள, நீயும் உக்காரு."

"நான் நல்லாத்தான் இருக்கேன்."

நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தேன். வார்டில் நோயாளி பயந்தால் எனக்கு எங்கிருந்தோ நிதானம் வந்துவிடும். அன்றும் அப்படித்தான் போலிருக்கிறது. ஒரு கையை அவர் தலையில் வைத்துக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன்.

"ரோடு நூல் மாதிரி..."

"உயரத்தைச் சொல்லாத. வேற சொல்லு."

"ஒட்டகம் போகுது. ஒரு குட்டி பின்னால ஓடுது."

"குட்டியா? எத்தன பெருசு?"

"தாயோட வயித்துக்குக் கீழ புகுந்து போகும். அந்தப் பக்கம் மலை. அதுக்குப் பின்னால சிவக்குது."

சுடிதார் நுனியை விட்டுவிட்டு மெல்ல நகர்ந்தார். அப்புறம், "பிள்ள, எனக்கும் தெரியுது!" என்றார். கால் வைத்து ஏறிய ஓட்டையில் முகத்தை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சூரியன் அப்போதுதான் மேலே வந்தது. அவர் கன்னத்தில் வட்டமாக வெயில் விழுந்தது. நானும் உட்கார்ந்தேன். ஒரே ஓட்டையில் மாறி மாறிப் பார்த்தோம். பக்கத்தில் நின்ற பிலிப்பைன்ஸ் தம்பதி எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இறங்கும் நேரம் வந்ததும், எல்லாரும் குத்த வைத்து உட்கார்ந்து, கூடைக்குள் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் பைலட். என் கணவரைக் காட்டி, "இதோ, இவரைப் போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் பெருமையாகச் சிரித்தார். கூடை மணலில் மோதி, துள்ளி, இழுபட்டு, அப்படியே சாய்ந்தது. கால்களெல்லாம் வானத்தைப் பார்க்க, மல்லாந்து கிடந்தோம்.

"கலாஸா?" என்றார்.

"கலாஸ். முடிஞ்சுது, எந்திரிங்க."

கூடாரத்தில் காலைச் சாப்பாடு தந்தார்கள். அவர் முகத்தில் ரத்தம் திரும்பிய பிறகுதான் கேட்டேன்.

"சைட்ல தினமும் ஏறுறீங்களே, அங்க பயமா இருக்காதா?"

"இருக்கும். கொக்கிய மாட்டி, 'டக்'னு சத்தம் கேக்குற வரைக்கும் இருக்கும். அப்புறம் இல்ல."

"தினமுமா?"

"தினமுந்தான்."

"இத்தன வருஷத்துல ஒரு நாளும் சொன்னதில்லையே?"

"சொன்னா நீ நிம்மதியா டூட்டி பாப்பியா?" என்று சொல்லி, தன் தட்டிலிருந்த ஆம்லெட்டில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தார்.

வார்டில் கேட்டவர்களிடம் இரண்டு பேரும் ரொம்ப ரசித்தோம் என்று சொன்னேன். அதில் பொய்யில்லை.

அவரிடம் மட்டும் ஒன்று கேட்டுக்கொண்டேன். வேலை முடிந்து தரைக்கு வந்ததும் எனக்கு ஒரு வார்த்தை அனுப்ப வேண்டும். முதலில், "சின்னப் பிள்ளையா நான்?" என்று சிரித்தார். இப்போது சாயங்காலமானால் 'இறங்கியாச்சு' என்று வருகிறது. சில நாள் யாருக்காவது ஊசி போட்டுக்கொண்டிருப்பேன். பையில் ஃபோன் அதிரும். எடுத்துப் பார்க்க முடியாது. அவர்தான் என்று தெரியும்.